இரண்டு விரல் தண்ணீர்

ஜூன் கடைசியில் கீழ்வீட்டு நேகி
சண்டைக்கு வந்ததில் தொடங்கியது.
என் ஏசி சொட்டிச் சொட்டி
அவர் ஸ்கூட்டர் சீட்டில் பாசி பிடிக்கிறதாம்.
அன்று இரவே குழாயை உள்பக்கம் திருப்பி
பழைய பெயிண்ட் வாளியை வைத்தேன்.
விடிந்து பார்த்தால் அரை வாளி.
உப்பில்லை, கறையில்லை,
மயூர் விஹாரில் எந்தக் குழாயிலும் வராத தண்ணீர்.

ராணி அப்போது செத்துக்கொண்டிருந்தாள்.
நான் வைத்த பெயரில்லை.
ராணி ஆந்தூரியம் என்றுதான்
காலிம்போங் நர்சரிக்காரர் பெட்டியின் மேல் எழுதியிருந்தார்,
'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குப் பக்கத்தில்.
அம்பு கீழ்நோக்கி இருக்க வந்து சேர்ந்தாள்.
மூன்றே இலை. ஒவ்வொன்றும் ஒரு முழம்.
கரும்பச்சை வெல்வெட்டில் வெள்ளி நரம்பு.
விலை, என் சம்பளத்தில் பாதி;
யாரிடமும் சொல்லவில்லை.

மேகத்துக்குள் வளர்கிற இனம்.
எழுபது சதம் ஈரம் கேட்கும்.
தில்லியின் மே மாதம் கொடுத்தது பதினெட்டு.
லூ அடித்த மதியங்களில்
ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டு செருகுவேன்,
அரைமணியில் அப்பளம்.
இலைநுனிகள் புகையிலையாய்ச் சுருண்டன.

அதனால் இப்படி ஓர் ஏற்பாடு:
அறையின் ஈரத்தை ஏசி வாளியில் இறக்கும்.
நான் அதைத் துணியில் வடிகட்டி
ஈரமூட்டியில் ஊற்றுவேன்.
அது பனியாக்கி ராணியின் மேல் விடும்.
ஏசி மறுபடி உறிஞ்சும்.
மின்கட்டணம் தவிர எதுவும்
அந்த அறையைவிட்டு வெளியே போகாது.
ஈரத்தலையோடு நான் படுத்த இரவுகளும்
தூக்கத்தில் நான் விட்ட மூச்சும்
அந்த வாளியில்தான்.
தினமும் ஏறும் மட்டத்துக்கு
மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தேன்.

ஜூலையில் தயாபரன் வந்தான்.
கர்கர்டூமா கோர்ட்டில் இரண்டாவது கையெழுத்து.
வக்கீல்கள் வேலைநிறுத்தம்,
ஒருநாள் வேலை ஐந்து நாளானது.
ஓட்டலுக்கு எதற்கு வீண்செலவு என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

ஏசி ஒரே அறையில்தான்.
நான் கட்டிலில், அவன் தரையில்,
நடுவில் ராணி.
"இதையெல்லாம் துடைக்க மாட்டியா, இவ்ளோ தூசி?"
துடைத்தால் வெல்வெட் போய்விடும்,
பிரஷ்ஷால் தட்டணும் என்றேன்.
பிரஷ்ஷை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.
கல்யாணத்தன்று என் கன்னத்தில் சிவப்பு பூசியது.
அவனுக்குத் தெரிந்ததா, கேட்கவில்லை.
தூங்குகிறவள்மேல் ஊரும் எறும்பைத் தட்டுவதுபோல
மூன்று இலையையும் தட்டிவிட்டுப் படுத்தான்.

காலையில் வாளி
கோட்டுக்கு மேல் இரண்டு விரல் கூடுதல்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
மழைக்காற்று வந்துவிட்டது, அதனால் இருக்கும்
என்று சொல்லிக்கொண்டேன்.
இருந்தாலும் ஒரு சொட்டு சிந்தாமல் வடிகட்டினேன்.

சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா என்று
அடுத்த கோப்பைத் தேடியபடி நீதிபதி கேட்டார்.
இல்லை என்றோம், ஒரே குரலில்.
எதையும் அத்தனை ஒற்றுமையாக
நாங்கள் சொன்னதில்லை.
அவன் அங்கிருந்தே மெட்ரோ பிடித்தான்.

எட்டு நாள் கழித்து ராணியின் கழுத்தடியில்
செம்பு நிறத்தில் ஒரு கூர்.
உறைக்குள் சுருண்ட இலை,
நுனி மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை.
படம் எடுத்து காலிம்போங்குக்கு அனுப்பினேன்.
இந்தியில் பதில்:
கையால் பிரிக்காதே, கிழியும்.
ஈரம் கொடு. தானாகப் பிரியும்.
இந்தியில் அது வெறும் செடிக்குறிப்பு.
தமிழில் படித்தது என் தப்பு.

இன்று விடியுமுன்னே மழை.
நேகியின் ஸ்கூட்டர் தொப்பலாக நனைகிறது,
கேட்க ஆளில்லை.
ஈரமானியில் எண்பத்தொன்று.
எழுந்துபோய் வாளியைப் பார்த்தேன்.
கோட்டுக்குச் சரியாக நிற்கிறது தண்ணீர்.